குண்டெறியக் கால் எதற்கு

என் வயதுக்காரிகளே, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். மகளிடம் சொன்னால் “விடும்மா” என்பாள். அறுபதை எட்டிப் பார்க்கிற வயதில், எலும்பு ஸ்கேனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு டாக்டர் “எடை தூக்குங்க, இல்லாட்டி உடைஞ்சுடும்” என்று சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்குக் கோபம் வந்தது. பயம் அதற்கப்புறம்தான் வந்தது. தூக்காதே, குதிக்காதே, கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த கூட்டம் நாம். கர்ப்பப்பையையே எடுத்துப் போட்ட பிறகு வந்து, தூக்கு என்கிறார்கள்.

சரி, போனேன். கடலூர் திருப்பாப்புலியூரில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் அந்த ஜிம் இருக்கிறது. காலை பத்து மணிக்கு மேல் பெண்களுக்கு மட்டும். படியேறும்போதே ரப்பர் வாசனையும், யாரோ அடித்துவிட்டுப் போன ஸ்பிரே வாசனையும் முகத்தில் அடிக்கும். எனக்கு வாய்த்த ட்ரெய்னர் குறிஞ்சிப்பாடிப் பெண். என் மகளைவிட இளையவள். வாயில் பபிள்கம், காதில் ஒரு ஒயர், பாதி நேரம் கண் போனில். முதல் வாரம் அவளைப் பார்த்தாலே எரிச்சலாக இருந்தது. ஆனால் என் உடம்பு கோணும்போது மட்டும் எப்படியோ பார்த்துவிடுவாள்.

“ஆன்ட்டி, காலை நல்லா அகட்டி வைங்க. தோள் அகலத்துக்கு.”

வைத்தேன்.

“இன்னும் ஆன்ட்டி.”

“இன்னும் எங்கம்மா வைக்கிறது?”

“இப்ப பின்னாடி சேர் இருக்குன்னு நெனச்சுக்கினு உக்காருங்க. நெஞ்சு நிமிரட்டும். முட்டி உள்ள வருது பாருங்க, வெளிய தள்ளுங்க.”

தள்ள வரவில்லை. எதிரே ஆளுயரக் கண்ணாடி. அதில் ஒரு கிழவி பாதி உட்கார்ந்து நிற்கிறாள், அவளுடைய இரண்டு முட்டிகளும் ஒன்றையொன்று தேடிப் போய் ஒட்டிக்கொள்கின்றன. ட்ரெய்னர் பெண் ஒரு ரப்பர் வளையத்தைக் கொண்டுவந்து என் முட்டிக்கு மேல் மாட்டினாள். அதை விரித்துக்கொண்டே இறங்க வேண்டுமாம். இறங்கினேன். வளையம் ஜெயித்தது.

“சின்ன வயசுல அடிகிடி பட்டுச்சா ஆன்ட்டி?”

“அடி இல்ல. வளர்ப்பு,” என்றேன். அவளுக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும்.

அப்போது நான் சிதம்பரத்தில் ஒன்பதாம் வகுப்பு. அப்பா நான் சிறு பிள்ளையாக இருந்தபோதே போய்விட்டார். நானும் அம்மாவும் மாமா வீட்டில் இருந்தோம். அம்மாவின் அண்ணன். வண்டிகேட் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எங்களுக்குச் சோறு போட்டவர். ஆனால் அந்த வீட்டில் எது முடிவானாலும் அவர் வாயிலிருந்துதான் முடிவாகும். அந்த வருடம் பள்ளி திறந்தபோதே முடிவாகிவிட்டது.

“ஒம்பதாவது போதும். பத்தாவதெல்லாம் படிச்சு இன்னா செய்யப் போவுது. சேத்தியாத்தோப்புல ஒரு எடம் இருக்குது, பேசி வைக்கிறேன்,” என்றார்.

அம்மா தலையை ஆட்டினாள். எனக்குப் படிப்பு பெரிதாக வரும் என்றில்லை. ஆனாலும் பள்ளிக்கூடம் போகிற வழி எனக்குப் பிடிக்கும். சேத்தியாத்தோப்புக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைப்பு வந்தால் அந்த வழியை வேண்டுமென்றே சுற்றி நடப்பேன்.

எங்கள் பள்ளியில் ஒரு டிரில் மாஸ்டர் இருந்தார். தொளதொளவென்று வெள்ளை பேண்ட், கறுப்புக் கயிற்றில் விசில், எந்நேரமும் நெற்றியில் வியர்வை. பெண்கள் பள்ளிக்கு வந்து மாட்டிக்கொண்ட மனிதர். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார், கொடிக்கம்பத்தைப் பார்த்துப் பேசுவார். ஒருநாள் நான் குடிதண்ணீர்த் தொட்டிக்கு வாளி வாளியாகத் தூக்கி ஊற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். கொடிக்கம்பத்திடம், “இந்தப் பொண்ணு குண்டு எறியலாம்,” என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது.

அந்தக் குண்டு இப்போது எந்தப் பழைய இரும்புக் கடையில் உருகியதோ. ஒரு பக்கம் சொட்டையாக இருக்கும். அந்தச் சொட்டையில் கட்டைவிரல் பதிந்துவிட்டால் எனக்கு ஒரு தைரியம். காலையில் தொட்டால் தண்ணீர்ப் பாம்பு மாதிரி குளிர்ச்சி, மாலையில் தொட்டால் சுடும். சாயந்திரம் சோற்றில் கை வைக்கும்போது உள்ளங்கையிலிருந்து துரு வாசனை வரும். சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அந்த வாசனையை நான் ரகசியமாக மோந்து பார்ப்பேன்.

மாஸ்டர் வகுத்த பயிற்சியைச் சொல்கிறேன், கேளுங்கள். தினமும் காலை, தினமும் மாலை, ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. சுவரைக் கையால் தள்ள வேண்டும். இரண்டு கையிலும் செங்கல் வைத்துக்கொண்டு தலைக்கு மேல் தூக்க வேண்டும். பிறகு கை ஓய்கிற வரை எறிய வேண்டும். நடுவில் தண்ணீர் குடித்தால் வயிறு இழுத்துக்கொள்ளும் என்று, தண்ணீர் கூடாது. எல்லாம் கைக்குத்தான். இடுப்புக்குக் கீழே எனக்கு ஒன்று இருக்கிறது என்றே அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

“கீழ்ப் பாகம் அப்படியே அடக்கமா இருக்கட்டும். மேல் பாகம் மட்டும் வேலை செய்யட்டும்,” என்பார். கால் என்கிற சொல் அவர் வாயில் வராது. தொடை என்றால் மயங்கி விழுந்திருப்பார். எறிவதற்காகத் தரையில் போட்ட வட்டத்துக்குள் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, பாவாடை கலையாமல் நின்று, கையால் மட்டும் தள்ள வேண்டும். தபால் பெட்டிக்குள் கடிதம் போடுகிற மாதிரி இருக்கும்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஆண்கள் பள்ளி மைதானம். செங்கல்லை அடுக்கி ஏறி நின்றால் தெரியும். அங்கே பையன்கள் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நிற்பார்கள். ஒற்றைக் காலில் பின்னால் ஒரு வழுக்கு, அப்புறம் இரண்டு காலும் அகலமாக ஊன்றி, இடுப்பு திரும்பி, கடைசியில்தான் கை. அவர்களில் பாதிப் பேர் என்னைவிட ஒல்லி. குண்டு மட்டும் பறக்கும்.

“சார், அவுங்க பின்னாடி தாவிக்கினு எறியுறாங்களே.”

மாஸ்டர் கொடிக்கம்பத்தைப் பார்த்தார். “அது பசங்களுக்கு.”

“நானும் அது மாதிரி செய்யட்டுமா சார்?”

“பொம்பளப் புள்ளைக்கு அது வேணாம்மா. நாளைக்கு ஏதாவது பேச்சு வந்தா நான் பதில் சொல்ல முடியாது. கையில வலுவை ஏத்து, போதும்.”

நல்ல மனிதர்தான். பேச்சு வந்துவிடுமே என்கிற பயத்தில், தெரிந்ததையே சொல்லித்தராமல் விட்ட நல்ல மனிதர்.

பயிற்சி தொடங்கியதும் ஊரே எனக்கு மாஸ்டர் ஆகிவிட்டது. எதிர்வீட்டு அண்ணன் பச்சை முட்டை குடிக்கச் சொன்னார். அத்தை, மாமாவின் மனைவி, முட்டை சூடு, பெண்ணுக்கு ஆகாது என்று கொண்டைக்கடலையை ஊறவைத்துக் கொடுத்தாள். மாதத்தில் மூன்று நாள் குண்டைத் தொடவே கூடாது என்றாள் அம்மா. ஆனால் அந்த மூன்று நாளும் தெருக்குழாயிலிருந்து தண்ணீர் தூக்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு தவலை. இடுப்பு ஒடிய எத்தனை நடை. அதற்குக் கர்ப்பப்பை இறங்காது. வீட்டுக்கு உபயோகமான பாரத்துக்கு எடையே கிடையாது போலிருக்கிறது.

இப்போது என் ட்ரெய்னர் பெண் இரண்டு கையிலும் எடையைக் கொடுத்து, ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடக்கச் சொல்கிறாள். இது ஒரு எக்சர்சைஸ், ஆன்ட்டி, முதுகு ஸ்ட்ராங் ஆகும் என்கிறாள். ஏசி ஓடுகிறது. நான் நடக்கிறேன். சிரிப்பு வரவில்லை.

போட்டி நெருங்க நெருங்க, மாஸ்டர் எறிவதைக் கூட்டினார். என் வலது தோள் கனத்துப் போயிற்று. தலை சீவக் கை எழும்பவில்லை. அம்மா ஓமத் தைலம் தேய்த்தாள். “தேறிடும், இன்னும் ஜாஸ்தி எறி,” என்றார் மாஸ்டர். இன்றைக்கு எனக்கு வாரத்தில் மூன்றே நாள்தான் பயிற்சி. நான்காவது நாள் ஆசையாகப் போய் நின்றால் அந்தப் பெண் என்னைத் துரத்திவிடுகிறாள்.

“ரெஸ்ட்டும் ஒர்க்கவுட்தான் ஆன்ட்டி. தூக்குறப்ப சதை வளராது, தூங்குறப்பதான் வளரும். இந்த வாரம் இது ஈசியா இருந்தா, அடுத்த வாரம் கொஞ்சூண்டு ஏத்தலாம். அவசரமே இல்ல.”

இதில் என்ன பெரிய ரகசியம் இருக்கிறது? குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவளுக்குத் தெரியாதா, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும் என்று? இதைச் சொல்ல அன்றைக்கு ஒருத்தருக்கும் வாய் வரவில்லையே என்று நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போட்டி எதற்கு எனக்கு அவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளியூரில் ஒரு விடுதிப் பள்ளி இருந்தது. விளையாடுகிற பெண்களை எடுத்துக்கொண்டு, சாப்பாடு போட்டு, பத்தாவதும் அதற்கு மேலும் படிக்கவைப்பார்களாம். மாவட்டப் போட்டியில் முதலாவதாக வருகிற பெண்ணுக்கு இடம் நிச்சயம் என்றார் மாஸ்டர். அங்கிருந்து ஒரு டீச்சரம்மாவே கடலூருக்கு வந்து பார்ப்பாராம். முதலாவதாக வந்தால் விடுதி, வராவிட்டால் சேத்தியாத்தோப்பு. வீட்டில் நான் இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் மாமாவிடம் சொல்லிவிட்டாள்.

மாமா திட்டவில்லை. “போய்ட்டு வரட்டும். நானும் கூட வரேன். ஆனா டிராயர் கிராயர்லாம் போடக்கூடாது,” என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கடலூர் போகிற பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டும்போது உப்பங்கழி வாசனை வந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. மஞ்சக்குப்பம் மைதானத்தில் சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்தார்கள். வெயில் சுண்ணாம்பில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு ஒரு அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் விடுதிப் பள்ளி டீச்சர் என்று மாஸ்டர் காட்டினார்.

எனக்கு எதிரே ஒரு கான்வென்ட் பெண். நீலக் கால்சட்டை, கேன்வாஸ் ஷூ. என் கையில் பாதிதான் அவள் கை. அவள் முதுகைக் காட்டி நின்றாள், வழுக்கினாள், எறிந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் நான் பார்த்த அதே வித்தை. அவளுக்கு யாரோ சொல்லித்தந்திருக்கிறார்கள். ஒரு பெண்ணுக்குச் சொல்லித்தரலாம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எனக்கு மூன்று வாய்ப்பு. முதல் இரண்டையும் நான் மாஸ்டர் சொன்னபடியே, காலைச் சேர்த்து நின்று, வலிக்கிற தோளால் தள்ளினேன். இரண்டாவது எறி, அவள் குண்டு விழுந்த இடத்தில் நட்டிருந்த கொடிக்கு ஒரு சாண் குறைவு. ஒரே ஒரு சாண்.

மூன்றாவது தடவை என்னைக் கூப்பிட்டபோது ஏதோ ஒரு வெறி வந்துவிட்டது. நாற்று நடுகிற பெண்கள் சேலையை எப்படி ஏற்றிச் செருகுவார்களோ, அப்படிப் பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகினேன். மைதானத்துக்கு முதுகைக் காட்டினேன். மாஸ்டர் “ஏய், ஏய்” என்றது கேட்டது. பின்னால் தாவினேன், காலை அகல ஊன்றினேன், திரும்பினேன். அந்த ஒரு நொடியை நான் எப்படிச் சொல்வேன்? பலம் தரையிலிருந்து கிளம்பிக் கால் வழியாக ஏறி வந்தது. கை வெறுமனே வழிவிட்டது. தோள் வலிக்கவே இல்லை.

தாவத்தான் தெரிந்தது, நிற்கத் தெரியவில்லை. வட்டத்தைத் தாண்டிக் குப்புற விழுந்தேன். வாய் நிறைய மண். சிவப்புக் கொடி. ஃபவுல். நான் தலையைத் தூக்குவதற்குள் மாமா ஓடிவந்து தன் துண்டை என் கால்மேல் போட்டு மூடினார். குண்டு எங்கே விழுந்தது என்று நான் பார்க்கவில்லை. ஃபவுல் ஆனால் டேப் பிடித்து அளக்க மாட்டார்கள்.

என்னைப் பந்தலுக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். மாஸ்டர் வந்து மாமாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கையை நீட்டி மைதானத்தைக் காட்டினார், கூலிங்கிளாஸ் அம்மாள் பக்கம் காட்டினார். மாமா பணிவாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். நான் மானத்தை வாங்கியதைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்துக் குறுகிப் போனேன். மாமா திரும்பி வந்தார்.

“வா, போய் சாப்ட்டு வரலாம்.”

ஹோட்டலில் அவர் எனக்குப் பூரி வாங்கித் தந்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்தவளுக்குப் பூரி. தோற்றவளைத் தேற்றுகிறார் என்று எனக்குக் கண்ணீர் முட்டியது. சாப்பிட்டு முடித்ததும் நேராகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

பஸ்ஸில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். “குண்டு எங்க உழுந்துச்சு மாமா?”

“எங்க உழுந்தா இன்னா. கிட்டதான் உழுந்துச்சு. உனக்கு வலு பத்தல, உட்டுடு.”

மறுநாளிலிருந்து மாஸ்டர் என்னிடம் பேசவில்லை. கொடிக்கம்பத்திடம்கூட என்னைப் பற்றிப் பேசவில்லை. என் தொடையைப் பார்த்துவிட்ட வெட்கம் அவருக்கு என்று நினைத்துக்கொண்டேன். வருடம் முடிந்ததும் என் பள்ளிக்கூடம் முடிந்தது. சேத்தியாத்தோப்பு நடந்தது. என் வீட்டுக்காரர் தங்கமான மனிதர், அவரை இதில் இழுக்க வேண்டாம். ஸ்கூட்டர் ஓட்டிப் பழகு என்று கெஞ்சினார். பிடித்து நிறுத்த எனக்கு வலு பத்தாது என்றேன். சத்துணவுக் கூடத்தில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். பெரிய பாத்திரம் இறக்க வலு பத்தாது என்றேன். யார் எதற்குக் கூப்பிட்டாலும் என் வாயில் தயாராக இருந்தது அந்த ஒரு பதில்தான். மாமா சொன்னதை நான் வேதம் மாதிரி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். எழுபதுகளின் கடைசி. காது நன்றாகக் கேட்கும், கண்தான் கொஞ்சம் மங்கல். போன வாரம் ஒரு சாயந்திரம் ட்ரெய்னர் பெண் வீட்டில் செய்யச் சொன்னதைச் செய்துகொண்டிருந்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முட்டியில் ரப்பர் வளையம், காலை அகட்டி இறங்கி இறங்கி ஏற வேண்டும். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இப்பிடித்தான் அன்னிக்கு இதே கடலூர்ல நின்னியாம்,” என்றாள்.

“யாரு சொன்னா?”

“உங்க மாமாதான். அன்னிக்கு ராத்திரியே சொன்னாரு. நீ போட்ட குண்டு எல்லாரு கொடியையும் தாண்டிப் போய் உழுந்துச்சாம். அங்க ஒரு டீச்சரு வந்திருந்துச்சாமே, கண்ணாடி போட்டுக்கினு. ஃபவுலானா பரவால்ல, இந்தப் பொண்ணு எனக்கு வேணும், மத்தியானம் மறுபடியும் எறியச் சொல்லிப் பாக்கணும், இட்டுக்கினு வாங்கன்னு சொல்லிச்சாம். உங்க வாத்தியாரு கெஞ்சினாராம். சாப்ட்டுட்டு இட்டுக்கினு வரேன்னு சொல்லிட்டு மாமா உன்னை பஸ் ஏத்திட்டாரு.”

நான் கம்பியை விடவில்லை. பாதி இறங்கிய நிலையிலேயே நின்றிருந்தேன்.

“அப்ப வலு பத்தலன்னு சொன்னது?”

“அப்பிடிச் சொல்லலன்னா நீ அடங்கியிருப்பியா? உட்டா எடுத்துக்கினு போயிடுவாங்கன்னு மாமாவுக்குப் பயம். வயசுக்கு வந்த புள்ளய யாரு வீட்லயோ எப்பிடி உடறது. எனக்குந்தான் பயமா இருந்துச்சு.”

“இத்தினி வருசமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேம்மா.”

“நீ கேக்கலியே,” என்றாள் அம்மா. கையிலிருந்த அவரைக்காயை ஒடித்தாள்.

நான் நிமிர்ந்தேன். வளையத்தைக் கழற்றிச் சோபாவில் எறிந்தேன். எனக்கு அப்படி ஒரு கோபம் என் ஆயுளில் வந்ததில்லை. வலு இல்லாதவள் என்று சொல்லித்தான் என்னைக் கூட்டி வந்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வலு இருந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கூட்டி வந்திருக்கிறார்கள். மாஸ்டர் அன்றைக்கு மத்தியானம் முழுக்க வெயிலில் எங்களுக்காகக் காத்துக்கொண்டு நின்றிருப்பார்.

அம்மா நார் எடுப்பதை நிறுத்திவிட்டாள்.

“கோவமாடி?”

“ஆமாம்மா.”

“மாமா மேலயா, எம் மேலயா?”

“அவருதான் செத்துட்டாரேம்மா,” என்றேன்.